சவரக்கத்தி: வாங்குவது இலகு, பழகுவதுதான் செலவு

சவரக்கத்தி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சலூன் கதிரைதான். கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்துவிட்டால் மீதியைக் கத்தி பிடித்தவர் பார்த்துக்கொள்வார். அதே கத்தியைக் கையில் எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் கழுத்தில் தானே வைப்பது வேறு விடயம். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் உலகின் பல நாடுகளில் ஆண்கள் இதை விரும்பிப் பழகத் தொடங்கியிருக்கின்றார்கள். 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படமான ஸ்கைஃபோலில் மடக்குக் கத்தியால் சவரம் செய்யும் காட்சி ஒன்று உண்டு. அதையடுத்து பிரித்தானியாவில் இந்தக் கத்திகளின் விற்பனை உயர்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

இந்தச் சங்கதி புறக்கோட்டைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பென்சி சாமான் கடை நடத்தும் தம்பி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "நானா, அந்தக் காலத்துச் சவரக்கத்தி திரும்பவும் ஓடுதாமே. ஒரு நூறு கத்தி எடுத்துப் பார்ப்போமா?" எடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கத்தியை வாங்கிப்போகின்றவர் முதல் மாதத்தில் என்னென்ன பாடுபடுவார் என்பது தெரியாமல் எடுத்தால், நூறில் தொண்ணூறு கத்தி அலுமாரியில் துருப்பிடிக்கும். விற்ற பத்தும் முறைப்பாட்டோடு திரும்பி வரும். எனவே முதலில் பழகுகின்றவரின் பக்கத்திலிருந்து இதனைப் பார்ப்போம்.

கத்தியைப் பற்றி

மடக்குச் சவரக்கத்தியின் அமைப்பு மிக எளிமையானது. தடித்த முதுகு, மெல்லிய விளிம்பு, பிடிப்பதற்கு ஒரு கழுத்து, அதன் முனையில் வளைந்த சிறு வால், மடித்து வைப்பதற்கு இருபுறமும் கைப்பிடித் தகடுகள். அகலத்தை அங்குலத்தில் எட்டின் கூறுகளாகச் சொல்வார்கள். புதிதாகப் பழகுகின்றவருக்கு எட்டில் ஐந்து அல்லது எட்டில் ஆறு அங்குல அகலமுள்ளது பொருத்தம். அதற்கு மேல் அகலமானால் மூக்குக்குக் கீழே திருப்ப இடம் போதாது. முனை வட்டமாக இருக்கவேண்டும். சதுர முனையுள்ள கத்திகளும் விற்கின்றார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கூர்மூலை காது மடலையும் கன்னத்தையும் கீறிவிடும். அது கைதேர்ந்தவருக்கு உரியது.

நல்ல கத்திகளுக்குப் பெயர்போன ஊர் ஜேர்மனியின் சோலிங்கன். 1938ஆம் ஆண்டிலேயே அந்த ஊரின் பெயரைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தார்கள். அங்கு தயாரிக்கப்படாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்க முடியாது. பிரான்சின் தியேர் நகரமும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் இத்துறையில் பழம்பெருமை வாய்ந்தவை. புதிய சோலிங்கன் கத்தி ஒன்று இன்று நூறு யூரோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. இன்னொரு பக்கத்தில் அதே தோற்றத்தில் சில டொலருக்குக் கத்திகள் கிடைக்கின்றன. பளபளப்பு, பெட்டி, படம் எல்லாம் இருக்கும். ஆனால் பல கத்திகளின் இரும்பு சரியாகப் பதமாக்கப்பட்டிராது, அலகு சற்று முறுகியிருக்கும். எத்தனை தரம் தீட்டினாலும் சவரம் செய்யும் கூர் வராது. அதை வாங்கியவர் குற்றம் தன் கையில்தான் என்று நினைத்துப் பழக்கத்தையே விட்டுவிடுவார்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. விலையுயர்ந்த கத்தியாக இருந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வரும் கூர் எப்போதும் சவரத்துக்குப் போதுமானதாக இருப்பதில்லை. கையில் இருக்கும் உரோமத்தை வழித்தெடுக்கும், கடுதாசியை வெட்டும், ஆனால் தாடையில் வைத்தால் மயிரைப் பிடுங்கும். சவரத்துக்குத் தயாரான கூர் என்பது ஒருவர் கல்லில் வைத்துக் கையால் தீட்டிக் கொடுக்கவேண்டிய ஒன்று. வாங்குகின்றவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி "என்ன விலை?" என்பதல்ல, "யார் தீட்டியது?" என்பதேயாகும்.

முதல் மாதம்

பிரான்சின் கத்தி செய்யும் தொழிலாளி ஜோன் ஜாக் பெரே 1769ஆம் ஆண்டில் தனக்குத்தானே சவரம் செய்யக் கற்பது பற்றி ஒரு நூலே எழுதினார். அதுவரை நாவிதரின் கைக்கே முகத்தைக் கொடுத்துப் பழகியவர்களுக்கு எழுதப்பட்ட பாடம் அது. இரண்டரை நூற்றாண்டு கடந்தும் முகம் மாறவில்லை, கத்தி பெரிதாக மாறவில்லை. எனவே பாடமும் பெரும்பாலும் மாறவில்லை.

குளித்த பின்னர் சவரம் செய்வது நல்லது. வெந்நீரில் மயிர் ஊறி மென்மையாகும். பேணியில் அடைத்து வரும் நுரையை விடத் தூரிகையால் அடித்தெடுத்த சவர்க்கார நுரை சிறந்தது. அது ஈரமாக இருக்கவேண்டும், காய்ந்தால் மீண்டும் பூசவேண்டும். கத்தியை எடுக்குமுன் விரலால் முகத்தைத் தடவி, மயிர் எந்தத் திசையில் வளர்கின்றது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னத்தில் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் ஒருவருக்குப் பக்கவாட்டிலும் இன்னொருவருக்கு மேல்நோக்கியும் வளர்ந்திருக்கும். முதல் மாதம் முழுவதும் மயிர் வளரும் திசையிலேயே வழிக்கவேண்டும். எதிர்த்து வழிப்பது பிந்திய பாடம்.

பெருவிரலைக் கழுத்தின் அடியிலும் மூன்று விரல்களை முதுகுப் பக்கத்திலும் வைத்து, சுண்டுவிரலை வாலில் ஊன்றிப் பிடிப்பதே வழக்கமான பிடி. அலகைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, முதுகை மெல்ல உயர்த்தினால் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு வரும். முதுகின் தடிப்பைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி என்று கண்ணால் மதிப்பிடலாம். அதற்கு மேல் நிமிர்த்தினால் தோலை வெட்டும். மிகவும் சாய்த்தால் மயிரை இழுக்கும். மறுகையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் அங்குலம், இரண்டு அங்குலமாகச் சிறு இழுப்புகளாக வழிக்கவேண்டும். அழுத்தம் கூடவே கூடாது. கத்தியின் பாரமே போதும். அழுத்தவேண்டி வந்தால் கூர் போதவில்லை என்று பொருள்.

எல்லாவற்றையும் மறந்தாலும் மறக்கக்கூடாத விதி ஒன்றுண்டு. கத்தியை அதன் விளிம்பின் நீளவாட்டில், அதாவது பாண் வெட்டுவது போல, ஒருபோதும் நகர்த்தக்கூடாது. விளிம்புக்குக் குறுக்காக இழுக்கும்போது அது மயிரை வழிக்கின்றது. நீளவாட்டில் ஒரு நூலளவு நகர்ந்தாலும் தோலைத் திறந்துவிடும். ஆழமான வெட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கின்றன.

முதல் நாளே முழு முகத்தையும் முடிக்க நினைப்பதுதான் பலர் செய்யும் அவசரம். முதல் வாரம் காதுக்கு முன்னால் உள்ள கன்னப்பகுதி மட்டும் போதும். மிச்சத்தை வழக்கமான ரேசரால் முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் வாரம் தாடை ஓரமும் கழுத்தும். நாடியையும் மேலுதட்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நாடி வளைந்த இடம், மயிரும் தடிப்பு. அங்கே கைதேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள். ஏறத்தாழ முப்பது தடவை சவரம் செய்த பிறகே கை படியும் என்பது இதில் அனுபவமுள்ளவர்கள் சொல்லும் கணக்கு. கிழமைக்கு ஐந்து நாள் என்றால் ஆறு வாரம்.

கத்தி கை நழுவினால் பிடிக்கப் பாயக்கூடாது. காலை விலக்கிக்கொண்டு விழ விடவேண்டும். கத்தி போனால் இன்னொன்று வாங்கலாம். நீரிழிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் இந்த ஆசையில் இறங்காதிருப்பது நல்லது. நமது வயதில் உள்ள வர்த்தகர்களில் இந்த இரண்டில் ஒன்று இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். சிறு கீறல்களுக்கு நமது வீடுகளில் தெரிந்த சீனக்காரமே போதும். நனைத்துத் தேய்த்தால் இரத்தம் நிற்கும்.

தாடி வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை என்று எண்ணவேண்டாம். கன்னத்தின் மேல் எல்லையையும் கழுத்தையும் நேராக எடுப்பதற்கு இதைப்போல் வேறு கருவி இல்லை. முழுவிளிம்பும் கண்ணுக்குத் தெரிவதால் கோடு பிசகாது. நாடி, மேலுதடு ஆகிய கடினமான இடங்களும் தாடிக்காரருக்கு இல்லை. உண்மையில் பழகுவதற்கு அவருக்கே இலகு.

வாரும் கல்லும்

கத்தியை வாங்கி, வழிக்கவும் பழகியாயிற்று. இப்போதுதான் செலவின் இரண்டாம் பாகம் ஆரம்பமாகின்றது. ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் கத்தியைத் தோல்வாரில் நாற்பது ஐம்பது தடவை இழுக்கவேண்டும். இது தீட்டுவதல்ல. முந்திய சவரத்தில் சற்றே கலைந்த விளிம்பை ஒழுங்குபடுத்துவதாகும். வாரைக் கொக்கியில் மாட்டி இறுக்கிப் பிடித்து, கத்தியைத் தட்டையாக வைத்து, முதுகு முன்னே செல்ல, விளிம்பு பின்னே வர இழுக்கவேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின் மேலாகப் புரட்டித் திருப்பவேண்டும். விளிம்பின் மேலாகப் புரட்டினால் கூரும் போகும், வாரும் போகும்.

கல்லில் தீட்டுவது சில மாதங்களுக்கு ஒருமுறைதான். இங்கே திசை தலைகீழ். விளிம்பு முன்னே செல்லவேண்டும். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒரே சமயத்தில் கல்லைத் தொட்டுக்கொண்டிருப்பதால் சாய்வு தானாகவே அமைந்துவிடும். இந்தக் கத்தியின் அமைப்பில் உள்ள புத்திசாலித்தனமே அதுதான். விளிம்பை உருவாக்குவதற்கு ஆயிரம் இலக்கக் கல்லும் முடிப்பதற்கு எண்ணாயிரமோ அதற்கு மேலோ உள்ள நுண்ணிய கல்லும் வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் இதைக் கொடுத்துவிடவேண்டாம். சுழலும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறினால் இரும்பின் பதம் கெட்டு, பிறகு கூர் நிற்கவே நிற்காது. தேங்காய் திருவும் அலகுக்கும் இறைச்சிக் கத்திக்கும் அவர் போதும்.

நமது நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். கரையோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். காபன் உருக்குக் கத்தியை ஓரிரவு ஈரத்தோடு மடித்து வைத்தாலே காலையில் புள்ளி விழுந்திருக்கும். கழுவித் துடைத்து, சற்று நேரம் திறந்து காயவிட்டு, சில நாள் பாவிக்காமல் வைப்பதானால் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி பூசி, குளியலறைக்கு வெளியே வைக்கவேண்டும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்காகும். துருப்பிடிக்காத உருக்கில் செய்த கத்தி நம்மவர்களுக்குச் சௌகரியம். தீட்டுவது மட்டும் சற்றுக் கடினமாக இருக்கலாம்.

கட்டுப்படியாகுமா?

"ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் செலவில்லை" என்பதுதான் இந்தக் கத்தியை விற்பவர்கள் சொல்லும் பெரிய வசனம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிழமைக்கு ஐந்து தடவை என்றால் வருடத்துக்கு 260 சவரம். நாம் பாவிக்கும் சாதாரண இருபக்க பிளேட் ஒன்றை ஐந்து தடவை பாவித்தால் வருடத்துக்கு 52 பிளேட் போதும். ஐந்து பிளேட் கொண்ட பக்கற் பதினொன்று. அந்தச் செலவை மிச்சம்பிடித்து ஒரு சோலிங்கன் கத்தி, ஒரு வார், இரண்டு கல் ஆகியவற்றின் முதலை எடுப்பதற்குப் பல வருடங்கள் வேண்டும். நான்கைந்து அலகு வைத்த விலையுயர்ந்த கார்ட்ரிஜ் பாவிப்பவருக்கு மட்டுமே கணக்கு ஓரளவு சரிவரும்.

நேரத்தையும் போட்டுப் பாருங்கள். வாரில் இழுப்பது, நுரை அடிப்பது, நிதானமாக வழிப்பது, துடைத்துக் காயவைப்பது எல்லாமாக வழக்கத்தை விட 15 நிமிடம் கூடுதலாகப் போகின்றது என்று வைத்துக்கொண்டால், 260 தடவைக்கு 65 மணித்தியாலம். கடை திறக்கும் அவசரத்தில் உள்ளவருக்கு இது சிறிய தொகையல்ல. எனவே காசு மிச்சமாகும் என்று சொல்லி இதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. வழவழப்பான சவரத்துக்காகவும், ஒரு கைத்தொழிலைத் தன் கைக்குள் கொண்டுவரும் ஆசைக்காகவும் வாங்குபவர்தான் இதன் வாடிக்கையாளர். அப்படிப்பட்டவர்கள் இருக்கின்றார்கள், தொகை குறைவு.

இந்தக் கத்தி வீடுகளிலிருந்து மறைந்த கதையும் இதே கணக்கைத்தான் காட்டுகின்றது. அமெரிக்கரான கிங் ஜில்லட் வீசியெறியும் பிளேட்டைக் கொண்டுவந்தபோது விளம்பரத்தில் முன்னிறுத்தியது விலையை அல்ல. தீட்டவும் வேண்டாம், வாரில் இழுக்கவும் வேண்டாம் என்பதையே. 1903ஆம் ஆண்டில் அவர் விற்றது 51 ரேசர், 168 பிளேட். அடுத்த வருடம் ரேசர் 90 ஆயிரத்தையும் பிளேட் ஒரு இலட்சத்து இருபதாயிரத்தையும் கடந்தது. ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேட்டில் சம்பாதித்தார் என்று வியாபாரக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகின்றது. அது சரியல்ல. அன்றைய காலத்தில் பெருந்தொகையான ஐந்து டொலருக்கே அவர் ரேசரை விற்றார். 1921இல் காப்புரிமை முடிந்து, பிறரும் அதேபோல் செய்யலாம் என்ற நிலை வந்த பின்னரே விலை இறங்கியது. சனங்கள் ஐந்து டொலர் கொடுத்தது வாரிலிருந்தும் கல்லிலிருந்தும் விடுதலை பெறுவதற்காக. இன்று கத்தி விற்க வருகின்றவர் அந்த வாரையும் கல்லையும் திரும்பவும் அவர்கள் தலையில் ஏற்றுகின்றார் என்பதை மறக்கக்கூடாது.

சலூன் கத்தியும் தூரிகையும்

வாரும் கல்லும் வேண்டாம், ஆனால் கத்தி பிடித்துப் பழகவேண்டும் என்பவருக்கு ஒரு நடுவழி உண்டு. நமது சலூன்களில் இன்று பாவிக்கும், பிளேட்டைப் பாதியாக முறித்து மாட்டும் கத்திதான் அது. விலை குறைவு, கூர் எப்போதும் புதிது. எச்சரிக்கை ஒன்று. இதன் பாரம் குறைவு, பிளேட்டின் விளிம்போ மிகக் கூர்மை. நிலையான கத்தி மன்னிக்கும் சிறு பிழையை இது மன்னிக்காது. பிடியும் சாய்வும் பழகுவதற்கு நல்லது. ஆனால் இதில் வெட்டுப்பட்டவர் மற்றதும் இப்படித்தான் என்று முடிவுகட்டத் தேவையில்லை.

சலூன்காரர்கள் நிலையான கத்தியைக் கைவிட்டதற்கு நியாயமான காரணம் இருக்கின்றது. ஹெபடைடிஸ் பீ வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஒருவர் முகத்தில் பட்ட கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்தவர் முகத்தில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஹஜ்ஜுக்குச் செல்பவர்கள் தலை வழிக்கும்போது அனுமதி பெற்ற நாவிதரிடமே செல்லுமாறும், ஒருமுறை மட்டும் பாவிக்கும் அலகையே பாவிக்குமாறும் சவூதி சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துவதும் இதனாலேயே. வீட்டிலும் இதே விதிதான். வாப்பாவின் கத்தியை மகன் எடுக்கக்கூடாது. தம்பிக்கு வேண்டுமானால் தனியாக ஒன்று.

தூரிகை இறக்குமதி செய்பவர்கள் பெட்டியில் உள்ளதை ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். சவரத் தூரிகைகளில் மலிவான இயற்கை மயிர் பெரும்பாலும் பன்றி மயிராகும். 'போர்' என்றோ வெறுமனே 'பியூர் பிரிஸ்ல்' என்றோ பொறித்திருந்தால் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். விலையுயர்ந்தவை பட்ஜர் எனும் விலங்கின் மயிர். இப்போது செயற்கை இழைத் தூரிகைகள் தரமாகவே வருகின்றன. விரைவில் காய்கின்றன, நுரையும் நன்றாக எழுகின்றது. நமது வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவேண்டிய தொல்லையும் இல்லை.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். நூறு வேண்டாம், ஆறு எடுங்கள். ஆறும் வட்ட முனையாகவும், முடியுமானால் துருப்பிடிக்காத உருக்காகவும் இருக்கட்டும். கல்லில் தீட்டத் தெரிந்த ஒருவரை, பழைய சலூன்காரர்களில் இன்னும் சிலர் இருக்கின்றார்கள், முதலில் தேடிப் பிடியுங்கள். கத்தி அவர் கைபட்டுத்தான் கண்ணாடி அலுமாரிக்கு வரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தால் தீட்டிக் கொடுப்போம் என்று விலையோடு எழுதிப் போடுங்கள். இலாபம் கத்தியில் சிறிது, தீட்டுக் கூலியில் தொடர்ந்து வரும். கத்தி வாங்குகின்றவருக்கு நல்ல தோல்வாரை முதல் நாளே விற்கவேண்டாம். பழகும்போது முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் வார்தான். ஆறு கத்திக்குப் பத்து மலிவு வார் என்று ஓடர் போடுங்கள். விலையுயர்ந்தது ஒன்றிரண்டு இருந்தால் இரண்டாவது முறை வரும்போது காட்டலாம்.